சவுத்வெஸ்ட் சீஃப் ரயில்: ஃபிளாக்ஸ்டாஃப் முதல் ஆல்புகெர்கி வரை, இடது பக்க ஜன்னலில்

ஆம்ட்ராக் நிறுவனத்தின் சவுத்வெஸ்ட் சீஃப், சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இடையே 2,265 மைல் ஓடும் ரயில். முழுத் தூரத்துக்கும் ஏறக்குறைய 43 மணி நேரம் ஆகும். இந்த மதிப்புரை அதில் ஆறு மணி நேரத்தைப் பற்றி மட்டும் பேசுகிறது: அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் விடியற்காலை ஏறி, நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்கியில் மதிய வாக்கில் இறங்குவது. இந்தத் துண்டைத் தனியாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்கள், அவர்களே சொல்லிக்கொள்ளும் பெயரில் தினே மக்கள், தங்கள் நாட்டின் எல்லையாகக் கொள்ளும் நான்கு புனித மலைகளில் இரண்டு இந்தப் பாதையின் ஓரத்தில் நிற்கின்றன. அந்த இரண்டுக்கும் நடுவே ஓடும் தண்டவாளத்தை மாற்றியும் நிமிர்த்தியும் ஜல்லி அடித்தும் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களில் பெரும்பங்கு நவஹோ கேங்மேன்கள்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். ஜன்னலுக்கு வெளியே தெரிவதற்கு ஐந்துக்கு ஐந்து. இருக்கைக்கு நான்கு. சாப்பாட்டுக்கு இரண்டரை. நேரத்துக்கு வந்து சேர்வதற்கு இரண்டு. தன் பாதையை யார் போட்டார்கள், யார் காக்கிறார்கள் என்று பயணிக்குச் சொல்லும் விஷயத்தில் ஒன்றுதான் தர முடியும். அந்தக் கடைசிக் குறையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் இழப்பில்லை. அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

எந்தத் திசையில் ஏறுவது என்பதில் பலர் தவறுகிறார்கள். மேற்கே போகும் 3ஆம் எண் ரயில் ஆல்புகெர்கியை மாலையில் விட்டுக் கிளம்பும். கோடையில் நடுவழியில் வரும் கேலப் ஊர் வரைக்கும் வெளிச்சம் இருக்கும், ஃபிளாக்ஸ்டாஃப் வரும்போது இருட்டிவிடும். குளிர்காலத்திலோ ஆல்புகெர்கியைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே ஜன்னலில் உங்கள் முகம்தான் தெரியும். கிழக்கே போகும் 4ஆம் எண் ரயிலே சரி. கோடை அட்டவணைப்படி ஃபிளாக்ஸ்டாஃபில் காலை நாலரையை ஒட்டி வரும், கேலப்பில் எட்டரைக்குள், ஆல்புகெர்கியில் பன்னிரண்டுக்குள். அட்டவணை மாறக்கூடியது, டிக்கெட் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அரிசோனா மாநிலம் கோடைக்காலத்தில் கடிகாரத்தை முன்னே நகர்த்துவதில்லை. நியூ மெக்சிகோ நகர்த்தும். நவஹோக்களின் தன்னாட்சி நிலமான நவஹோ நேஷன், அரிசோனாவுக்குள் இருக்கும் பகுதியிலும் நகர்த்தும். ஆகவே கோடையில் ஃபிளாக்ஸ்டாஃப் கடிகாரத்துக்கும் கேலப் கடிகாரத்துக்கும் ஒரு மணி வித்தியாசம். கேலப்பில் யாரையாவது வரச் சொல்லியிருந்தால் எந்த ஊர் நேரம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இடது பக்கம் உட்காருங்கள். கிழக்கே போகும்போது வடக்கு உங்கள் இடது கை. இரண்டு மலைகளும் செந்நிறப் பாறைச் சுவர்களும் அந்தப் பக்கம்தான். காலை வெயில் பெரும்பாலும் முன்னாலும் வலப்புறமாகவும் இருந்து வருவதால் இடது பக்கக் காட்சியில் கண் அதிகம் கூசாது, பாறையின் மேல் வெயில் நேராக விழும். கோச் இருக்கைகள் மாடிப் பெட்டியின் மேல்தளத்தில் இருக்கும். கால் நீட்ட நம்மூர் ஏசி சேர் காரைவிட நிறைய இடம். எல்லாரும் உட்காரக்கூடிய கண்ணாடிப் பெட்டி ஒன்று உண்டு. அங்கே இருக்கைகள் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், கண்ணாடி கூரை வரை வளையும். ஃபிளாக்ஸ்டாஃபில் ஏறியவுடன் நடத்துநர் தரும் இருக்கையில் பையை வைத்துவிட்டு நேராக அங்கே போய்விடுங்கள். காலை ஏழுக்கு மேல் இடம் கிடைக்காது.

ஃபிளாக்ஸ்டாஃப் நிலையத்துக்கு வடக்கே நிற்பது சான் ஃபிரான்சிஸ்கோ சிகரங்கள். உயர்ந்த முனை 12,633 அடி. நவஹோக்களுக்கு இது மேற்குத் திசையின் மலை, அபலோனி சிப்பியின் மலை. ஜூன், ஜூலையில் ரயில் கிளம்பும்போது வானம் வெளுக்கத் தொடங்கியிருக்கும், மலை இடப்புறம் பின்னால் நகர்ந்து வின்ஸ்லோ வரைக்கும் கூட வரும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இந்தப் பகுதி இருட்டில் போய்விடும். இந்த மலையில் ஒரு பனிச்சறுக்கு விடுதி உண்டு. சுத்திகரித்த கழிவுநீரிலிருந்து செயற்கைப் பனி செய்ய அதற்கு அனுமதி தந்ததை எதிர்த்து நவஹோ நேஷனும் மற்றப் பழங்குடிகளும் வழக்கு நடத்தினார்கள். 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது, 2009இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது. மருந்துச் செடி பறிக்கும் மலை, மண்ணெடுத்துப் பூசைமூட்டையில் கட்டிக்கொள்ளும் மலை அது. அதன்மேல் கழிவுநீர் விழுவது என்ன என்பதைச் சட்டத்தின் மொழியில் அவர்களால் புரியவைக்க முடியவில்லை.

விடியற்காலை என்பதற்கே இங்கே பொருள் உண்டு. நவஹோ வீடான ஹோகனின் வாசல் கிழக்கு பார்த்திருக்கும். விடியும்போது வெளியே வந்து மக்காச்சோள மகரந்தத்தைச் சிட்டிகையளவு எடுத்து நாக்கில் தொட்டு, உச்சந்தலையில் தொட்டு, மீதியை முன்னே தூவி வேண்டிக்கொள்வார்கள். சோளக் கதிரின் பூங்குஞ்சத்தை உலுக்கிச் சேர்த்த மஞ்சள் பொடி அது. ஒரு சிறு தோல் பையில் அடங்கிவிடும். ஊரை விட்டுப் பல நூறு மைல் போய் ரயில் பெட்டியிலேயே தங்கி வேலை செய்யும் ஓர் ஆள் தன் மதத்தைக் கையோடு கொண்டுபோகக்கூடிய வடிவம் இதுதான். ஹோகனைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பாடகரை, அதாவது சடங்குகளை மனப்பாடமாக அறிந்து நடத்தும் ஹதாலியை, கூட்டிக்கொண்டு போக முடியாது. மகரந்தப் பை போகும். கன்சாஸிலோ கலிஃபோர்னியாவிலோ பாதையோரத்தில் நின்றாலும் கிழக்கு கிழக்குதான்.

வின்ஸ்லோவுக்கு முன்னால் கேன்யன் டயாப்லோ பாலம் வரும். மேசை போன்ற சமவெளி திடீரென்று கிழிந்து இருநூறு அடிக்கு மேல் ஆழமான சுண்ணாம்புக்கல் பள்ளம். ஓரிரு நொடியில் கடந்துவிடும், கண்கொத்திப் பாம்பாக இருந்தால்தான் பிடிக்கலாம். அட்லாண்டிக் அண்ட் பசிஃபிக் கம்பெனி 1881–82இல் இங்கே பாதை போட்டபோது இந்தப் பள்ளத்தில்தான் தடைபட்டு நின்றது. அந்தக் கம்பெனிக்கு 1866இல் அரசு பாதையின் இருபுறமும் ஒன்றுவிட்ட சதுரங்களாக நிலம் கொடுத்திருந்தது. அப்போது நவஹோக்கள் சிறைப்பட்டிருந்தார்கள். 1864இல் அமெரிக்கப் படை அவர்களைக் கிழக்கே பாஸ்கே ரெடோண்டோ முகாமுக்கு நடத்தியே கூட்டிச் சென்றது. 1868 ஜூன் 1ஆம் தேதி ஒப்பந்தம் போட்டு ஊர் திரும்ப விட்டபோது, அதன் 9ஆம் பிரிவில் இனி ரயில் பாதை போடுவதை எதிர்க்க மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ரயில் வந்து சேரப் பதின்மூன்று ஆண்டுகள் இருக்கும்போதே அதற்கான சம்மதம் வாங்கியாகிவிட்டது. கேலப்புக்குக் கிழக்கே தோரோ ஊரை ஒட்டி வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, இடையில் வேலி மாறி மாறி வருவதைப் பார்ப்பீர்கள். அந்த ஒன்றுவிட்ட சதுர நிலத்தின் மிச்சம் அது.

வின்ஸ்லோவில் ரயில் நிற்கும் இடத்துக்கு ஒட்டியே லா போசாடா விடுதி. மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1930இல் திறந்தது. நிறுத்தம் குறைவு, இறங்கிப் பார்க்க நேரமில்லை. ஒரு இரவு தங்க முடிந்தால் வின்ஸ்லோவிலேயே ஏறுவது ஃபிளாக்ஸ்டாஃபைவிட வசதி, தூக்கமும் ஒரு மணி நேரம் கூடக் கிடைக்கும். சிகரங்களை மட்டும் தூரத்தில்தான் பார்க்க முடியும்.

இனி தண்டவாளத்துக்கு வருவோம். ரயில் ஏன் தாமதம் என்று புலம்புகிறவர்கள் இதைப் படித்தால் கொஞ்சம் பொறுமை வரும்.

இந்தப் பாதை பிஎன்எஸ்எஃப் கம்பெனியின் சிகாகோ–லாஸ் ஏஞ்சலஸ் சரக்கு வழித்தடம், முன்பு சாண்டா ஃபே கம்பெனியுடையது. இரட்டைப் பாதை, இரவும் பகலும் கண்டெய்னர் ரயில்கள். பயணிகள் ரயில் சில இடங்களில் மணிக்கு 90 மைல் வரை போகும். அதற்கு ஏற்ற தண்டவாளம் கெஜத்துக்கு 136 ராத்தல், அதாவது மீட்டருக்கு 67 கிலோ. தொழிற்சாலையில் கால் மைல் நீளத்துக்குப் பற்றவைத்துக் கொண்டுவந்து இறக்கி, களத்தில் அவற்றையும் ஒன்றாகப் பற்றவைப்பார்கள். இடைவெளியே இல்லாத இரும்பு. ஒரு மைல் தண்டவாளம் 30 டிகிரி செல்சியஸ் சூடேறினால் 55 சென்டிமீட்டர் நீளப் பார்க்கும். நீள இடமில்லை. அந்த விசை முழுக்க இரும்புக்குள்ளேயே நிற்கும். ஸ்லீப்பர் கட்டையும், தண்டவாளம் நகராமல் கவ்வும் ஆங்கரும், ஜல்லியின் தோளும் அதைப் பிடித்து வைக்கவில்லை என்றால் பாதை பக்கவாட்டில் பாம்பாக நெளிந்துவிடும்.

அதனால்தான் தண்டவாளம் மாற்றும் கேங்கு, நவஹோ தொழிலாளர்கள் ஸ்டீல் கேங் என்று சொல்வது, ஓர் ஒழுங்கில் நகர்கிறது. முன்னே ஆணி பிடுங்கும் இயந்திரம், அடுத்து பழைய தண்டவாளத்தைத் தூக்கி ஓரத்தில் போடுவது, கட்டையின் மேல்பகுதியைச் செதுக்கிச் சமன் செய்வது, இரும்புத் தட்டு வைப்பது, புதிய தண்டவாளத்தை உள்ளே செலுத்துவது. பிறகு எரிவாயு அடுப்பு வண்டி வரும். அந்தப் பகுதிக்குக் குறித்த நடுநிலை வெப்பத்துக்கு, அதாவது இரும்பில் நெருக்கமோ இழுப்போ இல்லாத வெப்பத்துக்கு, இந்தப் பாலைவனத்தில் ஏறக்குறைய 40 டிகிரிக்கு, இரும்பைச் சுடவைத்து, சூடு ஆறுவதற்குள் ஆணியும் ஆங்கரும் அடித்துப் பூட்ட வேண்டும். குளிர்ந்த காலையில் அவசரமாகப் பூட்டினால் ஜூலையில் பாதை நெளியும். அதிகச் சூட்டில் பூட்டினால் ஜனவரியில் சுருங்கி அறுபடும். கடைசியில் ஜல்லியை இறுக்கும் இயந்திரம். இறுக்கியபின் ஜல்லி உடனே பிடிப்புக் கொள்ளாது, மேலே பல ரயில்கள் ஓடி அமுக்க வேண்டும். அதுவரை அந்த இடத்தில் வேகக்கட்டுப்பாடு. உங்கள் ரயில் நடு வெளியில் காரணமில்லாமல் ஊர்வதாகத் தோன்றினால், பாதிக் காரணம் முன்னே போகும் சரக்கு ரயில், மீதிக் காரணம் இதுதான். மே முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் வெப்ப வேகக்கட்டுப்பாடும் சேரும். காலையில் கிழக்கே போகும் 4ஆம் எண் ரயில் இந்தத் துண்டில் அதிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடும். அதைத் தேர்ந்தெடுக்க இது இன்னொரு காரணம்.

இப்போது இயந்திரம் செய்வதை 1940களில் ஆள்கள் செய்தார்கள். கெஜத்துக்கு 131 ராத்தல் என்ற கணக்கில் 39 அடித் தண்டவாளம் ஒன்று 770 கிலோ. இடுக்கியால் பிடித்து வரிசையாக நின்று ஒரே மூச்சில் தூக்க வேண்டும், ஒருவர் தளர்ந்தாலும் பக்கத்தில் இருப்பவரின் முதுகு போகும். கிரியோசோட் ஊறிய மரக்கட்டை எட்டரை அடி, எடை 90 கிலோ அளவில். ஒரு மைலுக்கு 3,200க்கு மேல் கட்டைகள். கிரியோசோட் வெயிலில் தோலைச் சுடும். ஓய்வுபெற்றவர்களிடம் முதுகும் முழங்காலும் காதும்தான் முதலில் போயிருக்கும்.

1880களிலேயே நவஹோக்கள் சிலர் இந்தப் பாதையில் வேலை செய்தார்கள். ஆயிரக்கணக்கில் போனது இரண்டாம் உலகப்போரின்போதும் அதற்குப் பிறகும். 1933 முதல் அரசு மேய்ச்சல் நிலம் பாழாகிறது என்று சொல்லி அவர்களுடைய ஆடுகளைக் கட்டாயமாகக் குறைத்தது. ஆடு போனபின் கூலி வேலை தவிர வழியில்லை. போர் வந்து ரயில் கம்பெனிகளுக்கு ஆள் பற்றாக்குறை வந்தபோது, ஆள் பிடித்துக் கொடுத்தவர்கள் நவஹோ நிலத்தில் கடை வைத்திருந்த வெள்ளைக்கார வியாபாரிகள். 1938இல் ரயில் தொழிலாளர்களுக்கென்று வேலையின்மை உதவிச் சட்டம் வந்தது. குளிர்காலத்தில் கேங்கு கலைந்தால் உதவித்தொகை உண்டு. அதற்கான விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கும் முகவரும் அதே கடைக்காரர். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைப்பார், காசோலை கடைக்கே வரும், பழைய கடனுக்குக் கழியும். இந்தக் கடைமுறையின் மோசடிகளை அமெரிக்க வணிக ஆணையம் 1970களின் தொடக்கத்தில் விசாரித்து அறிக்கை கொடுத்தது.

மதம் இதில் எங்கே வருகிறது? காலண்டரில் வருகிறது. நவஹோக்களின் பெரிய சடங்குகளில் சில குளிர்காலத்துக்கு மட்டுமே உரியவை. முதல் உறைபனி விழுந்தபின் தொடங்கலாம், வசந்தத்தின் முதல் இடி கேட்டபின் நடத்தக்கூடாது. ஒன்பது இரவு நடக்கும் இரவுவழிச் சடங்கு அப்படிப்பட்டது. கேங்கு வேலையோ வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில் முடியும். ஆகவே பனிக்காலத்தில் ஊரில் ஆள் இருக்கும், கையில் பணமும் இருக்கும். ஹதாலிக்குக் காணிக்கை, மணல் ஓவியத்துக்கு உதவுகிறவர்களுக்கு உணவு, கூடி வரும் உறவுக்கு ஆட்டுக்கறி, காபி, மாவு, இவற்றுக்கெல்லாம் ரயில் கூலி போயிற்று. வெளியூர் வேலை மதத்தைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. இங்கே கூலிதான் சடங்கைத் தாங்கிப் பிடித்தது. ஒரே சிக்கல், வேலைக்குக் கூப்பிட்டால் போகத் தயாராக இருக்க வேண்டும் என்பது உதவித்தொகையின் நிபந்தனை. ஒன்பது இரவின் நடுவில் அழைப்பு வந்தால் என்ன செய்வது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயமாக இருந்தது.

கோடையில் நடக்கும் சடங்குகளுக்குத்தான் உண்மையான மோதல். எதிரிவழிச் சடங்கு போருக்குப் போய்த் திரும்பியவனை, அந்நியரின் சாவையும் ஆவியையும் தொட்டு வந்தவனைத் தூய்மைப்படுத்துவது. வெளியார் நடுவில் நெடுநாள் இருந்ததால் வரும் நோய்க்கும் அதை நடத்துவார்கள். கோடையில்தான் நடத்த முடியும், அப்போதுதான் கேங்கில் ஆள் வேண்டும். பல சடங்குகளுக்குப் பிறகு நான்கு நாள் பத்தியம் உண்டு: பகலில் தூங்கக்கூடாது, கடும் வேலை கூடாது, சடங்கின் ஆற்றல் உடம்பில் தங்க விட வேண்டும். சனி, ஞாயிறு விடுமுறைக்குள் இது அடங்காது. சொல்லாமல் போய்விட்டான், நம்ப முடியாத ஆள் என்று மேலாளர்கள் குறித்து வைத்தவற்றில் பல இப்படிப்பட்ட நாள்கள். எட்டு நாள் தொடர்ந்து வேலை, ஆறு நாள் ஓய்வு என்ற வகை முறைகள் கேங்குகளில் வந்தபிறகு இது ஓரளவு சுலபமாயிற்று. ஆறு நாளில் ஊருக்குப் போய், சிறிய சடங்கு ஒன்றை முடித்து, பத்தியமும் காத்துத் திரும்பலாம்.

எந்தச் சடங்கு என்பதும் வேலையின் ஆபத்தைப் பொறுத்தது. ஜூலை, ஆகஸ்டில் இந்தப் பீடபூமியில் மின்னல் மழை. திறந்த வெளியில் இரண்டு வரி இரும்பின் மேல் நிற்கும் வேலை. மின்னல் அடித்த மரத்தைத் தொடக்கூடாது, அதை எரிக்கக்கூடாது என்பது நவஹோ விலக்கு. பாம்பைத் துன்புறுத்துவதும் விலக்கு, கட்டையைப் புரட்டினால் கீழே விரியன் இருக்கும் நாடு இது. மின்னல், பாம்பு இரண்டின் தீங்குக்கும் எய்தல்வழிச் சடங்கு. பிணத்தையோ பழைய கல்லறையையோ தொட நேர்ந்தால் தீவினைவழி. கிளம்புவதற்கு முன் வாழ்த்துவழிச் சடங்கு, இரவு முழுக்கப் பாட்டு, போகிறவனைச் சுற்றியுள்ளவற்றோடு ஒழுங்கில் நிறுத்த. இந்த ஒழுங்குக்கு அவர்கள் சொல்லும் பெயர் ஹோஷோ: அழகும் நலமும் சமநிலையும் ஒன்றான நிலை. தண்டவாளத்தை நடுநிலை வெப்பத்தில் பூட்டும் ஆளுக்கு இது எட்டாத தத்துவம் அல்ல. இதே ஆள்களில் பலர் கிறிஸ்தவ ஆராதனைக்கும் போவார்கள், பெயோட்டே என்ற கள்ளிச்செடியை உண்டு சடங்கு நடத்தும் பூர்வகுடி அமெரிக்கத் திருச்சபைக் கூட்டத்துக்கும் போவார்கள். ஒன்றை ஏற்றால் மற்றதை விட வேண்டும் என்ற கட்டாயம் அவர்களிடம் இல்லை.

லுப்டன் வந்ததும் இடப்புறம் செம்பாறைச் சுவர் எழும். இங்கிருந்து கிழக்கே போகப் போக அது விட்டுவிட்டுத் தொடரும். கேமராவை இங்கே எடுங்கள். ஆரஞ்சுச் சட்டை போட்ட கேங்கு வேலை நடந்தால் வேகம் குறையும்போது கவனியுங்கள். ரயில் வருவதற்குக் குறைந்தது 15 நொடிக்கு முன் எல்லாரும் குறித்த இடத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது சட்டம். வரிசையாக நின்று ரயிலின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தொங்கும் பாகமோ புகையும் பிரேக்கோ தெரிந்தால் சொல்லவேண்டியது அவர்கள் வேலை.

கேலப்பில் நிறுத்தம் சில நிமிடம்தான். நிலையத்தில் டிக்கெட் தரவோ பை ஏற்றவோ ஆள் கிடையாது. பெட்டியை முன்பதிவுச் சரக்காக அனுப்ப முடியாது, கையில் தூக்கும் அளவோடு போங்கள். இந்த இடத்தில் சாண்டா ஃபே கம்பெனியின் எல் நவஹோ விடுதி இருந்தது. 1923இல் திறந்தது, இதுவும் மேரி கோல்ட்டரின் வடிவமைப்பு. சுவரில் நவஹோ மணல் ஓவியங்களை நிரந்தர வண்ணத்தில் தீட்டியிருந்தார்கள். சடங்கில் போடும் மணல் ஓவியம் நோயாளி அதன்மேல் உட்கார்ந்து எழுந்தபின் அன்றே கலைக்கப்பட வேண்டியது. அது சுவரில் நிலைத்து நிற்பதில் ஆபத்து உண்டு என்று நினைத்தவர்கள் நவஹோக்களில் இருந்தார்கள். திறப்பு நாளில் பாடகர்கள் பலர் வந்து வீட்டு வாழ்த்துச் சடங்கு செய்தார்கள். 1957இல் சாலையை அகலப்படுத்த அந்த விடுதியை இடித்தார்கள். மிஞ்சிய கட்டடம்தான் இப்போதைய நிலையம். அதில் கேலப் பண்பாட்டு மையம் இயங்குகிறது. திறந்திருக்கும் நேரத்தை முன்னதாக விசாரியுங்கள்.

அதே கம்பெனி தன் சூப்பர் சீஃப் ரயிலில் 1937இல் நவஹோ என்று பெயரிட்ட ஒரு கடைசிப் பெட்டியை ஓட்டியது. மணல் ஓவியப் பிரதிகளை உள்ளே அலங்காரமாக வைத்தது. பெட்டி இப்போது கொலராடோவின் கோல்டன் ஊரில் ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெட்டிக்குள் படமாகத் தொங்கிய சடங்கை நிஜமாக நடத்தியவர்கள் அந்தப் பெட்டி ஓடிய பாதையில் கடப்பாரை பிடித்தார்கள். இன்றைய ரயிலில் அறிவிப்பு எல்லாம் உணவு நேரம், அடுத்த நிறுத்தம், புகைக்கலாமா கூடாதா என்பதுதான். நடத்துநருக்கு ஆர்வம் இருந்தால் ஏதாவது சொல்வார். ஆல்புகெர்கிக்கும் கேலப்புக்கும் இடையே பூர்வகுடி வழிகாட்டி ஒருவர் ஏறிப் பேசும் வழக்கம் முன்பு இருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவரவேண்டும், பேசுகிறவர் ஸ்டீல் கேங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவராக இருக்கவேண்டும். ஆம்ட்ராக் செலவழிக்கவேண்டியது ஒரு ஒலிபெருக்கியும் ஒரு நியாயமான சம்பளமும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. படுக்கை அறை டிக்கெட்டில் உணவு சேர்ந்தது. கோச் பயணிகள் கண்ணாடிப் பெட்டியின் கீழ்த்தளத்தில் இருக்கும் சிற்றுண்டிக் கடையை நம்பலாம். காபி குடிக்கும்படி இருக்கும், மற்றவை சூடாக்கிய உறைந்த பண்டங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோவதே மேல். வைஃபை இருக்காது, கேலப்புக்கும் கிராண்ட்ஸுக்கும் இடையே கைபேசி சிக்னலும் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்.

தோரோ பக்கம், மழைநீர் கிழக்கே ஒரு கடலுக்கும் மேற்கே ஒரு கடலுக்குமாகப் பிரியும் கண்டப் பிரிகோட்டை 7,200 அடிக்கு மேல் கடந்தபின் இடது பக்கத்தை விட்டு நகராதீர்கள். மவுண்ட் டெய்லர் வரும், 11,301 அடி, நவஹோக்களின் தெற்கு மலை, நீலமணிக்கல்லின் மலை. கல் கத்தியால் பூமியோடு அறைந்து நிறுத்தப்பட்டது என்பது படைப்புக் கதை. கிராண்ட்ஸ் தாண்டியதும் பாதையை ஒட்டி, கை எட்டும் தூரத்தில், கருத்து உறைந்த எரிமலைக் குழம்பு கிடக்கும். மேலே வெடிப்பு வெடிப்பாக, இடுக்கில் புல் முளைத்து. நவஹோ கதையின் இரட்டை வீரர்கள் கொன்ற யேய்ட்சோ என்ற அரக்கனின் ரத்தம் ஓடி உறைந்தது இது என்பார்கள். இந்த மலையைச் சுற்றி யுரேனியம் தோண்டிய பழைய காயங்களும் உண்டு. பாதை பிறகு லகுனா பூயப்ளோ என்ற இன்னொரு பழங்குடியின் நிலத்தில் போகும். அந்த மக்களும் இதே ரயிலின் நெடுநாள் தொழிலாளர்கள். தங்கள் நிலத்தில் பாதை போட விட்டதற்கு ஈடாக வேலையும் பயணமும் கேட்டு வாங்கியவர்கள்.

ஆல்புகெர்கியில் ரயில் அரை மணி நேரம் போல நிற்கும். நடைமேடையில் பூர்வகுடிகள் வெள்ளி நகை, நீலமணி மாலை விரித்து விற்பார்கள். பேரம் பேசி அடிமாட்டு விலைக்கு இறக்கப் பார்க்காதீர்கள். செய்தவர் யார், எந்தப் பழங்குடி என்று கேளுங்கள், அவரே சொல்வார். பூர்வகுடி செய்யாத பொருளை அவர்கள் செய்தது என்று விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வெள்ளியின் பின்புறம் செய்தவரின் முத்திரையும் 925 அல்லது ஸ்டெர்லிங் என்ற குறியும் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். சில்லறை டாலர் நோட்டு கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேலப்பில் இறங்கி நவஹோ நேஷனுக்குள் போக விரும்புகிறவர்களுக்கு: தலைநகர் விண்டோ ராக் 25 மைல், அங்கே நவஹோ நேஷன் அருங்காட்சியகம் உண்டு. நவஹோ டிரான்சிட் பேருந்து வார நாள்களில் ஓடும், நேரத்தை அவர்களிடமே உறுதி செய்யுங்கள். வாடகைக் கார் முன்பதிவு செய்தே வைத்திருங்கள். சாலையோரத்தில் சடங்குக்குக் கூட்டம் கூடியிருப்பதைப் பார்த்தால் அழைப்பில்லாமல் உள்ளே போகாதீர்கள், படம் எடுக்காதீர்கள், யாராவது அழைத்தால் போங்கள், அப்போதும் கைபேசி பைக்குள் இருக்கட்டும்.